ஆறாவது கல்

நாணற்குளத்தின் கரையில் பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அதன் கிளையில் செம்பட்டை என்ற கடுவன் குரங்கு காவல் இருந்தான். தண்ணீர் குடிக்க வரும் விலங்குகள் மீது சிறுத்தை பாய வந்தால் கல்லால் அடித்து விரட்ட வேண்டும். அதுதான் அவன் வேலை.

கல் வைத்துக்கொள்ள அவனிடம் ஒரு பை இருந்தது. தூக்கணாங்குருவி நாணல் நாரில் பின்னிக் கொடுத்த பை. கூடு பின்னியே பழகிய குருவி அல்லவா, எதைப் பின்னினாலும் நீளமாகத்தான் பின்னும். அதனால் பையின் வாய்க்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு பின்னல் போட்டு அடைத்திருந்தது. பின்னலுக்கு மேலே ஐந்து கல் கொள்ளும். கீழே மீதிப் பை சும்மா தொங்கும்.

ஐந்துதான் என்பது காட்டின் கட்டுப்பாடு. முன்பு ஒரு கோடையில் புதர் அசைந்தது என்று ஒரு காவல் குரங்கு விடாமல் எறிந்து, பாவம், ஒரு கீரியின் இடுப்பை ஒடித்துவிட்டது. அதன்பிறகு எல்லோரும் கூடிப் பேசினார்கள். ஐந்து எறிந்ததும் கை நிற்க வேண்டும். "யாரது?" என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மட்டும் மரப்பொந்தில் இருந்து அடுத்த ஐந்தை அள்ளலாம். சன்னமான குரல் உள்ளவர்களும் காட்டில் இருக்கிறார்களே, அவர்களுக்காக.

போன மழைக்காலத்தில் சிறுத்தை செம்பட்டையின் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. ஐந்து கல்லையும் எறிந்தான். ஐந்தும் பட்டன. ஆறாவது கல்லுக்காகப் பொந்தில் கை விட்டான். திரும்பிப் பார்த்தபோது குட்டியும் இல்லை, சிறுத்தையும் இல்லை.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. குருவியிடம் போய், குறுக்குப் பின்னலை எடுத்துவிடச் சொன்னான்.

"அண்ணே, உன் துக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை" என்றது குருவி. "ஆனால் அது நானாகப் போட்ட பின்னல் இல்லையே. காடே சேர்ந்து போடச் சொன்னது."

"அப்படியானால் சிறுத்தையையும் ஐந்து பல்லோடு வரச் சொல்லு."

அப்போதும் குருவி பின்னலை எடுக்கச் சம்மதிக்கவில்லை.

செம்பட்டை தன் கிளைக்குத் திரும்பினான். பையைத் தலைகீழாகப் புரட்டி, குறுக்குப் பின்னலைப் பல்லாலேயே கடித்துப் பிய்த்தான். பிறகு கல்லைப் போட்டுப் பார்த்தான். முப்பது கொண்டது.

பிய்ந்த நார் கீழே நின்ற புள்ளிச்சியின் முதுகில் விழுந்தது. புள்ளிச்சி ஒரு சருகுமான். பூனை அளவுதான் இருப்பாள். செம்பட்டையை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அண்ணாந்து பார்த்தாள். என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. குருவியிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். குட்டியைப் பறிகொடுத்தவன், போகட்டும் என்று நினைத்தாள். அவளுக்கும் ஒரு குட்டி இருந்தது. முப்பது கல் இருந்தால் அதற்கும் நல்லதுதானே? நாரைக் குளம்பால் சேற்றுக்குள் அழுத்திவிட்டுப் போனாள்.

மார்கழி வந்தது. ஒரு காலை, குளமே தெரியாத அளவுக்குப் பனி. புள்ளிச்சி வழக்கமாக வெயில் ஏறிய பிறகுதான் வருவாள். அன்று விடியும்போதே வந்தாள். வடக்குக் கரைச் சேற்றில் சிறுத்தையின் புதுக் காலடியைப் பார்த்திருந்தாள். அதை அண்ணனிடம் சொல்ல ஓடிவந்தாள்.

நாணல் சரசரத்தது. செம்பட்டை எறிந்தான்.

முதல் கல் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது அவள் பின்காலில் பட்டது. அவளால் ஓட முடியவில்லை.

"அண்ணே, நான்தான்" என்றாள்.

அவள் குரலே அவ்வளவுதான். கல் விழும் சத்தத்தைத் தாண்டி அது மரத்துக்கு ஏறவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது கல் தானாகவே கைக்கு வந்தது. கை நிற்க ஒரு காரணமும் இல்லை. பை காலியாகும்வரை எறிந்தான்.

அதன்பிறகுதான் கேட்டான். "யாரது?"

பதில் இல்லை. 'பதில் இல்லையென்றால் சிறுத்தைதான், தொலைந்தது' என்று நெடுநாளைக்குப் பிறகு அவன் மனம் கொஞ்சம் ஆறியது.

வெயில் ஏறிப் பனி விலகியது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தான். கற்களுக்கு நடுவே புள்ளிச்சி செத்துக் கிடந்தாள்.

குருவி வந்தபோது அவன் வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு நாணலுக்குள் உட்கார்ந்திருந்தான். குருவி திட்டவில்லை. புது நார் கிழித்து வந்து குறுக்குப் பின்னலைப் போட ஆரம்பித்தது. செம்பட்டை பையை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

புள்ளிச்சியின் குட்டி இப்போதும் அந்தக் குளத்துக்குத்தான் தண்ணீர் குடிக்க வருகிறது. நல்ல வெயிலில்தான் வரும். வந்தாலும் உடனே தண்ணீரில் வாய் வைக்காது. எதிர்க்கரையிலேயே நின்று, மருத மரத்தைப் பார்த்து, "நான்தான் மாமா, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மரத்திலிருந்து "யாரது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்லும்.

நம் கையை நிறுத்தி யாரென்று கேட்க வைக்கும் கட்டுப்பாட்டை நாமே பிய்த்து எறிந்தால், நம் கல் நம்மை நம்பி வந்தவர்கள் மேல்தான் விழும்.