வானத்தில் கூவிய குக்கர்

இந்தக் கதையில் ஒரு குக்கர் விசில் வருகிறது. அது எங்கே கூவியது, எப்போது அடங்கியது என்பதை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் கேள்விக்கு அது உதவும்.

மன்னார்குடியில் ஒரு காலை நேரம். தமயந்தி அடுப்பில் குக்கரில் பருப்பை வேகப் போட்டுவிட்டுக் கூடத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள். வளைகுடாவிலிருந்து அவள் கணவன் இளவழகன் ஊர் திரும்பும் நாள் அது. விமான நிலையத்துக்குப் போக, அவன் தம்பி முகிலன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமனார் சபாபதி கோயிலுக்குப் போயிருந்தார்.

கைபேசி அடித்தது. இளவழகன்தான்.

"தமயந்தி, விமானத்தைக் கடத்திட்டாங்க. கடலுக்கு மேல ரொம்பத் தாழ்வாச் சுத்திக்கிட்டிருக்கு. சிக்னல் கிடைக்கும்போதே பேசிடறேன்..."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே குக்கர் கூவியது. அவளுக்குப் பேச்சு சரியாகக் காதில் விழவில்லை. "முகில்! அடுப்பை அணை, அடுப்பை அணை!" என்று அலறினாள். முகிலன் ஓடிவந்து அணைத்தான். விசில் பாதியில் அடங்கியது.

வீடு அமைதியான பிறகுதான் இளவழகன் உடைந்து அழுதான். அழுது முடித்து, "நான் அழுததை அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. என்னைப் பெரிய தைரியசாலின்னு நெனச்சுக்கிட்டிருக்கார்" என்றான்.

"சொல்ல மாட்டேங்க. சத்தியமா" என்றாள் தமயந்தி.

பேச்சு அறுந்தது. விமானம் கடலில் விழுந்தது. இளவழகனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மிஞ்சியது அந்தக் குரல்தான். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் அடிக்கடி பேச்சை மாற்றியதால், எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி அவள் கைபேசியை அமைத்துக் கொடுத்திருந்தான் இளவழகன்.

மாமனார் சபாபதி சாப்பாட்டுத் தட்டைத் தொடவே மறுத்தார். "எம் பிள்ளை குரலை ஒரு தடவை கேக்கணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். முகிலன் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தரும் தொழில் செய்பவன். தமயந்தி அவனிடம் பதிவின் நகல் ஒன்றைக் கொடுத்தாள். "அவர் அழுததை எடுத்துடு முகில். நான் கத்தினதும் வேண்டாம். மாமாவுக்கு அவர் குரல் மட்டும் போதும்."

சொன்னபடியே செய்தான். ஆனால் விசில் மட்டும் அண்ணன் குரலோடு கலந்திருந்தது. அதைப் பிரிக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டான். சபாபதி அதைக் கேட்டுக் கண் துடைத்துக்கொண்டார். அப்போதும் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஊர் முழுக்கக் கைபேசிகளில் ஒரு காணொளி சுற்றியது. மறைக்கப்பட்ட உண்மைகளை வெளியே கொண்டுவருவதாகச் சொல்லிக்கொள்ளும் கிரிதரன் என்பவர், கைமாறிக் கைமாறித் தன்னிடம் வந்த அந்த வெட்டிய பதிவை அதில் போட்டுக் காட்டினார். "நல்லாக் கேளுங்க மக்களே! விமானத்துல யாராவது குக்கர் வெச்சுச் சமைப்பாங்களா? இது ஏதோ ஒரு வீட்டுக்குள்ளேருந்து பேசின பேச்சு. கடத்தலே நாடகம். பயணிகளை எங்கேயோ உயிரோட ஒளிச்சு வெச்சிருக்காங்க!"

அவர் பக்கத்தில் முகிலன் உட்கார்ந்திருந்தான். தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி தமயந்தியிடமே கேட்டாள். "ஏங்கக்கா, உங்க வீட்டுக்காரரு விமானத்துல சமையல் வேலையா பார்த்தாரு?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சபாபதி, மாலை போட்டிருந்த மகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்து மருமகளிடம், "அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். சொல்லு" என்றார்.

தமயந்தி முகிலனைத் தேடிப் போய் நேராகக் கேட்டாள். "அடுப்பை அணைச்ச கை யாரோடது முகில்?"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்பா இப்பத்தான் ரெண்டு வேளையும் சாப்பிடறார் அண்ணி. அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"அதுக்கு என்னைப் பொய்க்காரி ஆக்கணுமா? அவர் கடைசியாப் பேசினதையே பொய்யாக்கணுமா?"

"நான் எதுவும் சொல்லலையே. தலையைத்தானே ஆட்டினேன்."

மறுநாள் சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் கூடியது. முகிலனும் இருந்தான். சபாபதி முடிவாகச் சொன்னார்: "நான் கேட்டதுல உன் குரலே இல்லை. அப்ப வெட்டாத பதிவு உன்கிட்ட இருக்குல்ல? எல்லார் முன்னாலயும் போடு. முடியாதுன்னா இந்த வீட்டுல உனக்கு இடமில்லை."

கைபேசி அவள் கையில் இருந்தது. முழுவதும் போட்டால், கணவனுக்குச் செய்த சத்தியம் போய்விடும். போடாவிட்டால், அவனுடைய கடைசிப் பேச்சு என்றைக்கும் நாடகமாகவே நிற்கும். அவளும் வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். சத்தியமும் கெடாமல், கணவனின் குரலையும் மீட்க, தமயந்தி என்ன செய்ய வேண்டும்? கிரிதரன், சபாபதி, முகிலன் ஆகிய மூவரில் அவளுக்குத் துரோகம் செய்தவர் யார்?

விடை: தமயந்தி பதிவை முதலிலிருந்து போட்டு, விசில் அடங்கும் இடத்தில் நிறுத்தினாள். இளவழகன் அழுதது அதற்குப் பிறகுதானே! குக்கருக்கு மேலாக, "முகில்! அடுப்பை அணை" என்ற அவளுடைய குரல் கூடம் முழுக்கக் கேட்டது. குக்கர் கூவியது பேசியவன் பக்கத்தில் இல்லை, கேட்டவள் வீட்டில் என்பது எல்லோருக்கும் விளங்கியது. "மீதி எனக்காகப் பேசினது மாமா" என்று கைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள். கிரிதரன் அரைகுறையாகக் கேட்டதை, அவளிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஊருக்குச் சொன்னார். அது தப்பு. சபாபதி பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நம்பத் துடித்தார். அது ஆசை. உண்மை முழுதும் தெரிந்திருந்தவன், அதுவும் அவள் நம்பிக் கொடுத்ததால் தெரிந்திருந்தவன், முகிலன் ஒருவன்தான். துரோகம் அவனுடையது. சபாபதி சின்ன மகன் பக்கம் திரும்பி, "அப்ப அந்த விசில் அடிச்சப்போ நீ இங்கதான் நின்னியா?" என்று கேட்டார். முகிலன் அப்போதும் தலையைத்தான் ஆட்டினான்.