கங்குண்ணியும் வயிற்றுத் துருத்தியும்

முன்னொரு காலத்திலே, மலைகள் ஒன்றை ஒன்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலே, ஏழு குன்றுகளுக்கு நடுவில் செந்நெல்வாய் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டை ஆண்டவன் மாறவேள். நல்ல மனுஷன். அறுவடை முடிந்தால் நாடு முழுவதையும் அரண்மனை முற்றத்தில் உட்காரவைத்து, தானே இலைக்கு இலை குனிந்து பரிமாறுவான்.

ஒரு வருஷம் அந்த விருந்தின் கடைசிப் பந்தியில் ஒரு பரதேசி வந்து நின்றான். உயரமான ஆள். உச்சி வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தான். கையில் ஒரு செப்புக் குடம்.

"உட்காருங்கள் ஐயா, இலை போடச் சொல்கிறேன்" என்றான் மன்னன்.

"எனக்குச் சோறு வேண்டாம் அரசே. உங்கள் எல்லார் வயிற்றிலும் இருப்பதில் கொஞ்சம் கொடுத்தால் போதும்."

ஏதோ வேடிக்கை பேசுகிறான் என்று பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். மன்னனும் சிரித்துக்கொண்டே, "எங்களிடம் இருப்பது எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பரதேசி மூன்று முறை மூச்சை உள்ளே இழுத்தான். முதல் இழுப்பில் விளக்குகள் சாய்ந்தன. இரண்டாம் இழுப்பில் அடுப்புகள் அடங்கின. மூன்றாம் இழுப்பில், பந்தியில் இருந்த ஒவ்வொருவர் தொப்புளிலிருந்தும் குன்றிமணி அளவு ஒரு சுடர் எழும்பி, மிதந்து போய்க் குடத்துக்குள் விழுந்தது. குடத்தை மூடிக்கொண்டு அவன் நடந்தான். ஒருவராலும் எழுந்து மறிக்க முடியவில்லை.

அவன்தான் கங்குண்ணி. குளிர்க்குன்றின் உச்சியில், ஒரு குகையில் இருந்த மந்திரவாதி.

மறுநாளிலிருந்து செந்நெல்வாயில் யாருக்கும் பசிக்கவில்லை. பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டுமே என்று சாப்பிட்டார்கள். வாயில் போனால் சோறு, வயிற்றில் விழுந்தால் கல். பாலைக் குடித்தால் அதுவும் கல். கஞ்சியைக் கரைத்துக் குடித்தால் அதுவும் கல். அரண்மனை வைத்தியர் இஞ்சிச்சாறு கொடுத்துப் பார்த்தார், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், பெருங்காயத்தை மோரில் கலக்கிக் கொடுத்துப் பார்த்தார். எரிகிற தீயைத் தூண்டிவிடத்தானே மருந்து? தீயே இல்லாத இடத்தில் மருந்து என்ன செய்யும்? குதிருக்குள் நெல் நிறைந்து கிடக்க, ஜனங்கள் நாளுக்கு நாள் மெலிந்தார்கள்.

அந்த ஊரில் நாச்சி என்று ஒரு கொல்லன் மகள் இருந்தாள். எட்டு வயதிலிருந்து அப்பாவின் உலைக்குத் துருத்தி ஊதுகிறவள். விருந்தில் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தவள், அவள் வயிற்றுச் சுடரும் குடத்துக்குள் போய்விட்டது. ஆனால் நாச்சியின் கவலை தன்னைப் பற்றியது இல்லை. அவளுடைய அக்கா செவந்தி நிறைமாதத்தில் அந்த விருந்தைச் சாப்பிட்டவள். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தாய்க்குச் சோறு செரிக்கவில்லை, மார்பில் பால் ஊறவில்லை. ஆட்டுப்பாலில் துணியை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்து ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நாச்சி, நான் சாப்பிடாவிட்டால் போகிறது. இவனுக்குப் பால் ஊறினால் போதும்" என்றாள் செவந்தி.

குளிர்க்குன்றுக்கு ஏற்கெனவே மூன்று பேர் போய்விட்டு வந்திருந்தார்கள். படைத்தலைவர் வாளோடு போனார். அமைச்சர் நயமான பேச்சோடு போனார். இளவரசன் கோபத்தோடு போனான். மூவரும் பல் கிட்ட நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

நாச்சி அப்பாவிடம் போய், "நான் போய்வருகிறேன் அப்பா" என்றாள்.

"வாளோடு போனவரே வெறுங்கையோடு வந்தார். நீ எதைக் கொண்டு போவாய்?"

"கொண்டுபோக ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை."

அப்பா எழுந்து அடுக்களைக்குப் போனார். கேழ்வரகு மாவும் கருப்பட்டியும் ஒரு முடிச்சில் கட்டிக் கொடுத்தார்.

ஒரு குன்றைத் தாண்டினாள். இரண்டு குன்றைத் தாண்டினாள். மூன்றாம் குன்றின் அடியில் ஒரு மயில், வேடன் வைத்த கண்ணியில் கால் மாட்டிக் கிடந்தது. நாச்சி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இறகு ஒன்றும் ஒடியாமல், கண்ணியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். விடுபட்ட மயில் செய்த முதல் காரியம், புதரடியில் சுருண்டு கிடந்த ஒரு விரியனைக் கொத்தி முழுசாய் விழுங்கியதுதான்.

"விஷப்பாம்பாயிற்றே, அது உனக்குச் செரிக்குமா?" என்று நாச்சி கேட்டாள்.

"எனக்குச் செரிக்கும். உனக்குத்தான் கஞ்சிகூடச் செரிக்காது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்றது மயில். "கங்குண்ணி உன்னிடமும் எடுத்துக்கொண்டானா?"

மயில் பேசியதில் நாச்சிக்கு ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியப்பட நேரம் இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னாள். மயில் தலையைச் சாய்த்துக் கேட்டது.

"பெயரில்தான் அவன் கங்குண்ணி. அடியில் கிடக்கிற கங்கு அவன் கைக்கு வராது, மேலே எரிகிற சுடரைத்தான் எடுப்பான். உங்கள் உலையில் தீ அணைந்தால் காலையில் எப்படி மூட்டுவாய்?"

"சாம்பலைத் தள்ளினால் அடியில் கங்கு கிடக்கும். துருத்தி ஊதினால் பற்றிக்கொள்ளும்."

"வயிறும் உலைதான். நீ எனக்குக் காலைக் கொடுத்தாய், நான் உனக்கு இவ்வளவு கொடுத்தேன். துருத்தியை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் பறவை, எனக்கு அது கூடவே பிறந்தது."

நாச்சி யோசித்தாள். துருத்தி எப்படி வேலை செய்கிறது? முதலில் உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியே போக வேண்டும். காலியான துருத்திதான் நன்றாக இழுக்கும்.

விடிந்ததும் வெறும் வயிற்றோடு எழுந்து நின்றாள். கால்களைக் கொஞ்சம் அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்தாள். மூச்சு முழுவதையும் வெளியே விட்டாள். காற்றே இல்லாத வயிற்றை முதுகோடு ஒட்டுவதுபோல உள்ளே இழுத்தாள், தளர்த்தினாள். இழுத்தாள், தளர்த்தினாள். முட்டுகிற வரைக்கும் பிடிக்காமல், மூச்சு கேட்டவுடனே நிமிர்ந்து மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டாள். மூன்று சுற்று செய்தாள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் தொப்புளுக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ அசைந்தது. மூன்றாம் நாள், குனிந்து நிமிர்ந்தபோது வயிறு உறுமியது.

எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. பக்கத்தில் அத்திமரம் பழுத்திருந்தது. ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தாள். வாயில் போனது பழம், வயிற்றில் விழுந்ததும் பழம். நாச்சி மரத்தடியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே ஐந்து பழம் தின்றாள். பிறகு எழுந்து மரத்தையும் மயிலையும் கும்பிட்டாள்.

"ஊருக்குத் திரும்பி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாமே. இனி மலைக்கு எதற்குப் போக வேண்டும்?"

"சொல்லிக்கொடு" என்றது மயில். "ஆனால் பிள்ளை வயிற்றில் இருப்பவளும், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியும், தீராத நோயாளியும் இதைச் செய்யக்கூடாது. உடம்பு தாங்காது."

நாச்சி செவந்தியை நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தாள்.

குளிர்க்குன்றின் குகையில் செப்புக் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கங்குண்ணி உட்கார்ந்திருந்தான். மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்கிக்கொண்டிருந்தான். வாசலில் நாச்சியைப் பார்த்ததும் அவன் மூக்கு விடைத்தது.

"உன்னிடம் இன்னும் சூடு இருக்கிறதே" என்று ஒரு மூச்சு இழுத்தான். நாச்சியின் சுடர் பறந்து, மூடிய குடத்துக்குள் தானாகப் புகுந்தது. அவள் அங்கேயே நின்று, குனிந்து, மூச்சை விட்டு வயிற்றை இழுத்தாள். மூன்று நாள் பழகிய கங்கு சட்டென்று பற்றிக்கொண்டது. இரண்டாம் முறை இழுத்தான், அவள் இரண்டாம் முறை மூட்டினாள். மூன்றாம் முறை இழுத்தான், அவள் மூன்றாம் முறை மூட்டினாள்.

கங்குண்ணிக்கு மூச்சு வாங்கியது. "எத்தனை வைத்திருக்கிறாய் நீ?"

"ஒன்றுதான் பெரியவரே. நீங்கள்தான் ஊர் முழுவதையும் வைத்திருக்கிறீர்கள். இன்னும் ஏன் நடுங்குகிறீர்கள்?"

மலை ஏறி வந்த யாரும் அதை அவனிடம் கேட்டதில்லை. கட்டிப் பிடித்திருந்த குடத்தைக் கீழே இறக்கிவைத்தான். பிறகு சொன்னான்.

"நான் சின்ன வயதில் வீடு வீடாய் நின்று சோறு வாங்கித் தின்றவன். கொடுத்தவர்கள் எல்லாரும் கொடுத்தார்கள்தான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் கையேந்தி நிற்க வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இனி யார் கைச்சோறும் எனக்கு வேண்டாம், பசியே வேண்டாம் என்று மந்திரம் போட்டு என் சுடரை அணைத்துக்கொண்டேன். பசி போயிற்று. கூடவே உடம்புச் சூடும் போயிற்று. அடுத்தவர்கள் சுடரைக் கொண்டுவந்து பார்த்தேன், அது எனக்குச் சூடு தரவில்லை."

"குடத்தைத் திறந்து விட்டுவிடுங்களேன்."

"என்னாலும் முடியாது. பசியும் வேண்டாம், கைச்சோறும் வேண்டாம் என்று போட்ட அதே மந்திரம்தான் குடத்துக்கும். எனக்குப் பசித்து, ஒருவர் கைச்சோற்றை வாங்கித் தின்று மனசார வாழ்த்தினால்தான் மூடி திறக்கும்."

நாச்சிக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். அக்காவின் பிள்ளை அங்கே துணியைச் சப்பிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்த நடுங்குகிற கைகளைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. "எழுந்திருங்கள் பெரியவரே" என்றாள். "கால்களை அகட்டி நில்லுங்கள். கையைத் தொடையில் ஊன்றுங்கள். மூச்சை விடுங்கள்."

"நூறு வருஷச் சாம்பல் பெண்ணே. அடியில் ஒன்றும் இருக்காது."

"உலைக்காரி நான் சொல்கிறேன். இருக்கும்."

முதல் நாள் காலையில் அவனுக்கு வயிறு அசையவே இல்லை, பலகைபோல் இருந்தது. இரண்டாம் நாள் அசைந்தது, ஆனால் குளிர்ந்தே கிடந்தது. "விட்டுவிடு பெண்ணே, ஊருக்குப் போ" என்றான். "நாளை ஒரு நாள் பார்ப்போம்" என்றாள் நாச்சி. மூன்றாம் நாள், சூரியன் குன்றுக்கு மேலே வந்த நேரம், மூன்றாம் சுற்று முடித்து நிமிர்ந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு என்னவோ செய்கிறது. உள்ளே யாரோ பிராண்டுகிறார்கள்."

"அதுதான் பசி" என்றாள் நாச்சி.

மிச்சமிருந்த கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சி, கருப்பட்டியைப் பொடித்துப் போட்டு, தேக்கிலையைத் தொன்னையாக மடக்கி நீட்டினாள். கங்குண்ணியின் கை எழும்பியது, பாதியில் நின்றது. நூறு வருஷமாக நீளாத கை. நாச்சி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். சூடு உடம்பெல்லாம் பரவ, அவனாகவே மூன்று கம்பளியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தான்.

"நல்லா இருக்கிறது தாயே" என்றான். "நீ நன்றாக இருக்க வேண்டும்."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் குடத்தின் மூடி தானாகத் திறந்தது. பட்டப்பகலில் மின்மினிக் கூட்டம் கிளம்பியதுபோல, ஆயிரமாயிரம் சுடர்கள் குகையை விட்டு வெளியேறி ஏழு குன்றையும் தாண்டிப் பறந்தன.

செந்நெல்வாயில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. மன்னன் அரியணையை விட்டு எழுந்து அடுக்களைக்கு நடந்தான். வைத்தியர் மருந்து அரைக்கிற குழியம்மியைத் தள்ளி வைத்துவிட்டு, பழையது இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டார். செவந்தி ஒரு கிண்ணம் பூண்டுக் குழம்புச் சோறு தின்றுவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். சாயங்காலத்துக்குள் பால் ஊறியது. பிள்ளை குடித்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

நாச்சி கங்குண்ணியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். ஜனங்கள் கல்லை எடுத்தார்கள். அவள் முன்னால் வந்து நின்றாள். "உங்களிடம் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கண் முன்னாலேயே, கையேந்தி வாங்கிக் குடித்த கூழுக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டார். இன்னும் என்ன வேண்டும்?" என்றாள். கங்குண்ணி மன்னன் காலில் விழுந்தான். மன்னன் அவனைத் தூக்கி நிறுத்தி, இலை போடச் சொன்னான்.

பிறகு மன்னன் நாச்சியைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும் அம்மா, கேள்" என்றான்.

"குன்றுகளில் யாரும் மயிலுக்குக் கண்ணி வைக்கக்கூடாது."

"சரி. உனக்கென்று?"

"தினமும் விடியற்காலையில் உடம்பு முடிந்தவர்கள் எல்லாரும் அரண்மனை முற்றத்துக்கு வரட்டும். துருத்தி போடச் சொல்லிக்கொடுக்கிறேன். இனி யார் குடம் தூக்கிக்கொண்டு வந்தாலும் நாம் பயப்பட வேண்டாம்."

மன்னன் இரண்டுக்கும் சம்மதித்தான். அவள் கேட்காமலே ஆற்றோரத்தில் பத்து வேலி நிலமும், அப்பாவுக்குப் புதுப் பட்டறையும், நாட்டின் ஏர்க்கொழு எல்லாம் அடிக்கிற உரிமையும் கொடுத்தான். மறுநாள் காலை முற்றத்தில் முதல் வரிசையில் வந்து நின்றவன் மன்னன்தான். அவ்வளவு மெலிந்தும் தொப்பை மட்டும் போகாததால் முதல் வாரம் அவனுக்கு வரவே இல்லை. நாச்சி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

கங்குண்ணி குகைக்குத் திரும்பவில்லை. ஊர் எல்லையில் ஒரு சத்திரம் கட்டிக்கொண்டு வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டான். யாரையும் வாசலில் நிற்கவைக்க மாட்டான். வருகிறவர் வாய் திறப்பதற்குள் தானே போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவருவான். அவர்கள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிடுவான். எழுந்து கைகழுவும்போது, வந்தவர் அவனைக் கும்பிடுவார், அவன் வந்தவரைக் கும்பிடுவான்.

அப்படியே அவர்கள் பசித்துச் சாப்பிட்டு, செரித்துப் பசித்து, நெடுங்காலம் நன்றாயிருந்தார்கள். கதை கேட்ட நமக்கும் பசிக்கிறது, அதுவே பெரிய பாக்கியம். எழுந்திருங்கள், கை கழுவிக்கொண்டு வருவோம்.