மந்தியின் காவல்

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் மந்தி ஒன்று வாழ்ந்தது. கீழே மேயும் புள்ளிமான்களுக்கு அதுதான் காவல். உச்சிக் கிளையில் அமர்ந்து, சிறுத்தை வந்தால் குரல் கொடுக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

ஒருநாள் புதருக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்தது. மந்தி கத்தியது. மான்கள் விழுந்தடித்து ஓடின. புதரிலிருந்து வெளியே வந்தது ஒரு காட்டுக்கோழி!

"மந்தியக்கா, நாளைக்கு வண்ணத்துப்பூச்சி வந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள்!" என்றது காது கிழிந்த மான். கூட்டமே சிரித்தது. மந்தியும் கூடவே சிரித்து வைத்தது. ஆனால் அன்று பறித்த தளிரைத் தின்னாமல் கீழே போட்டது.

மறுநாள் எந்த இலை அசைந்தாலும் குரல் வாய்வரை வந்தது. 'இதுவும் கோழியாக இருந்தால்?' என்று நினைத்ததும் உள்ளே போய்விட்டது.

தந்திரக்காரச் சிறுத்தை இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது. மான்களுக்கு வாடை போகாத பக்கமாக மரத்தடிக்கு வந்தது.

"கத்திவிடாதே தங்கச்சி. நேற்று அவர்கள் சிரித்தது எனக்கே பொறுக்கவில்லை. இத்தனை வருட உழைப்புக்கு இதுதானா மரியாதை?"

மந்தியின் கண்கள் நிறைந்தன. இதுவரை யாரும் அதனிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நீ எந்தத் தப்பும் செய்ய வேண்டாம். இன்று ஒருநாள் சும்மா இரு. உன் அருமை அவர்களுக்குப் புரியட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிறுத்தை புல்லுக்குள் பதுங்கியது.

'புரியட்டுமே' என்று நினைத்தது மந்தி.

சிறுத்தை நகர்ந்தது. அதற்கு நேர் எதிரே, காது கிழிந்த மான் கண்களை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. இந்த மரத்தடியில் மட்டும்தான் அது கண்ணை மூடும்.

'இவள் புகழ்வாள் என்றா நான் மேலே ஏறி உட்கார்ந்தேன்? இவள் பயமில்லாமல் மேயத்தானே?'

கோபம் அப்படியே இருந்தது. அழுகையும் வந்தது. அழுதுகொண்டே மந்தி கத்தியது.

"இன்று என்ன, வெட்டுக்கிளியா?" என்றது ஒரு மான். ஆனால் அதன் கால்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன. சிறுத்தை பாய்ந்த இடத்தில் புல் மட்டுமே மிச்சம்.

"உன் கோபம் உண்மை என்றல்லவா நம்பினேன்!" என்று சீறியது சிறுத்தை.

"உண்மைதான். இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன்" என்றது மந்தி.

சிறுத்தை புல்லுக்குள் மறைந்தது. தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, போய்விட்டதா? பார்த்துச் சொல்லுங்கள்!" நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

மந்தி கண்களைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு கிளை மேலே ஏறியது.

"ஓடைப் பக்கம் புல் அசைகிறது. என்னவென்று சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அங்கேயே நில்லுங்கள்!"

மான்கள் நின்றன.

நீதி: மனம் நொந்த நாளிலும் இந்த வேலை எதற்காக என்று நினைத்துப் பார்ப்பவரே அதில் நிலைத்து நிற்பார்.