அரசர் வரிசையில் நின்ற கதை

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டைச் சூரசேகரன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பார்; மாலையில், "உனக்குத் தீனி போடத் தெரியவில்லை" என்று திரும்ப வாங்கிக்கொள்வார். அப்படியொரு மனம்.

அவர் காலத்தில் ஆற்றுநீரைக் கலயங்களில் மொண்டு மேட்டில் ஊற்றும் நீர்ச்சக்கரம் ஒன்று உருவானது. "இது யாருக்கும் தனிச்சொத்து இல்லை. யாரும் பார்த்துச் செய்யலாம், யாரும் திருத்தலாம்" என்று பறையறைந்தார்கள். சந்தேகம் கேட்க ஆற்றங்கரையில் மண்டபம் கட்டி, சக்கரத்தை வடிவமைத்த பெருந்தச்சர் விடங்கரை அதில் அமர்த்தினார்கள்.

ஓர் ஆண்டு போயிற்று. எந்த ஊரிலும் சக்கரம் சுற்றவில்லை.

"மண்டபத்தை இடியுங்கள்! சக்கரத்தை அடுப்புக்குப் போடுங்கள்!" என்று கத்தினார் அரசர்.

"நம் ஜனங்களின் மூளை அவ்வளவுதான், மன்னா. இந்த அமைச்சருக்குத்தான் அவர்கள்மேல் அத்தனை நம்பிக்கை" என்றார் விடங்கர்.

அமைச்சர் தாண்டவராயருக்குச் சுருக்கென்றது. மண்டபம் கட்டச் சொன்னவர் அவர்தான். தன் யோசனையே தவறோ என்று பல நாள் தனக்குள் புழுங்கியிருக்கிறார். அந்தப் புழுக்கத்தில் மண்டபத்தின் தூணோரம் போய் நின்று பார்த்தும் இருக்கிறார்.

விடங்கர் விடைபெற்றுப் போனதும் அவர் சொன்னார்: "அரசே, இடிக்கும் முன் தாங்களே போய் ஒரு சந்தேகம் கேளுங்கள்."

"மாறுவேடத்திலா?"

"வேண்டாம். கிரீடம், பட்டு, முத்துமாலை எல்லாவற்றோடும் போங்கள். தாரையும் கொம்பும் மட்டும் முழங்க வேண்டாம். விடங்கர் தங்களை அடையாளம் கண்டுகொண்டால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

"என்னைத் தெரியாதவன் இந்த நாட்டில் உண்டா? உம் பதவி போயிற்று என்றே வைத்துக்கொள்ளும்!" அரசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் மண்டபத்தில் அரசர் வரிசையில் நின்றார். விழுந்து கும்பிடப் போனவர்களைத் தாண்டவராயர் சைகையால் தடுத்தார். அவர் கண் மட்டும் விடங்கரை விட்டு அகலவில்லை. 'இன்றைக்கென்று இந்த மனிதர் தலையைத் தூக்கிவிட்டால்?'

விடங்கர் குனிந்தபடி ஒரு மரத்துண்டை இழைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கலயத்தின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார் அரசர். அவருக்கு உண்மையிலேயே அது தெரியாது. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தவர்.

"வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது. படித்துவிட்டு வா."

"படித்தேன் ஐயா. புரியவில்லை."

"புரியாத மண்டூகத்துக்குச் சக்கரம் எதற்கு? போய் மாட்டைப் பூட்டிக் கவலை இறை. அடுத்த ஆள்!"

அரசர் முகம் சிவந்தது.

"விடங்கரே, இந்த மண்டூகத்தின் தலையில் இருப்பதைச் சற்றுப் பாரும்!"

விடங்கர் நிமிர்ந்தார். இழைப்புளி கைநழுவி விழுந்தது. "மன்னா... சக்கரம் சுற்றும் திசையைப் பார்த்து வாய் இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் நீர் கலயத்தில் தங்காது."

"இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீரே! ஓராண்டாக இது எங்கே போயிருந்தது?"

பின்னால் நின்ற சடைச்சி என்ற உழவுப்பெண் வாய்விட்டுச் சொன்னாள்: "அட, இம்புட்டுத்தானா? இதுக்கா நான் ரெண்டு தரம் வந்து வசவு வாங்கிட்டுப் போனேன்!"

அரசர் திரும்பி, கிரீடத்தைக் கழற்றிக் கலயம்போல் கவிழ்த்தும் நிமிர்த்தும் அவளுக்குக் காட்டினார். "இப்படிக் கட்டினால் மொள்ளும். இப்படிக் கட்டினால் கொட்டிவிடும். புரிந்ததா அம்மா?"

"நல்லாப் புரிஞ்சுது மகாராசா. இவரு சொன்னதைவிட நீங்க சொன்னது தெளிவு."

"தெளியாமல் என்ன செய்யும்? எனக்கே இப்போதுதானே தெரிந்தது!" சொல்லிவிட்டு அரசர் அமைச்சரைப் பார்த்தார். கோபமெல்லாம் பறந்து, முகமெல்லாம் சிரிப்பு. "பந்தயத்தில் தோற்றேன். என்ன வேண்டும், கேளும்."

"நேற்றுக் கற்றவர் இன்று வருகிறவருக்குச் சொல்லட்டும், அரசே. அவர்களுக்குத் தீராததை விடங்கர் தீர்க்கட்டும்."

"அப்படியே ஆகட்டும். விடங்கரே, அப்படித் தீராத சந்தேகம் வரும்வரை நீர் வாசலில் நிற்பீர். வருகிறவர் முகத்தைப் பார்த்து, மோர் கொடுத்து, 'வாருங்கள், என்ன வேண்டும்?' என்று கேட்பீர்."

முதல் நாள் விடங்கரின் 'வாருங்கள்' தொண்டையிலேயே சிக்கியது. போகப்போகச் சரளமாக வந்தது.

அடுத்த அறுவடைக்குள் ஆற்றின் இரு கரையிலும் சக்கரங்கள் கிறீச்சிட்டுச் சுழன்றன. சடைச்சி தன் சக்கரத்துக்குக் கலயங்களுக்குப் பதில் மூங்கில் குழாய்களைக் கட்ட, அதைப் பார்க்க விடங்கரே வரப்பேறிப் போய், "இதை எப்படியம்மா கட்டினாய்?" என்று கேட்டார்.

"வாங்க ஐயா, உக்காருங்க. சொல்றேன்" என்றாள் அவள்.