முறைத் தண்ணீர்

சுருளியாண்டி மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய மீசை முழுக்க நரைத்திருந்தது. குருவான இருளாயி அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அம்மை அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். முதல் நாள் சுருளிக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு பழகிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

மலையடிவாரத்தில் ஒரு கிணறு, ஒரு வேம்பு, ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. மடம் அவ்வளவுதான். வீடு, தோட்டம், சொந்தபந்தம் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர் என்று சுருளிக்கு அங்கே பேர் இருந்தது. அந்தப் பேரைப் பரப்பியதும் அவரேதான்.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் மனைவி சோலையம்மாள் இறங்கினாள். அண்ணன் வீரணன் செத்த பிறகு சுருளி அவள் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின் சீட்டில் அவள் மகள் பவுன் துவண்டு கிடந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

“என்ன மதினி, பிள்ளைக்கு என்ன?”

“தண்ணி இறங்க மாட்டேங்குது. ஊத்த ஊத்தத் துப்புறா. ஆஸ்பத்திரியில டிரிப் ஏத்திப் பாத்தாச்சு. ஏத்துன தண்ணி பூராவும் வேர்வையா வெளிய வந்து பாயெல்லாம் ஈரம். அவங்களும் கையை விரிச்சுட்டாங்க. இன்னைக்குப் பொழுது தாங்குவாளான்னு தெரியல.”

“அதுக்கு இங்க எதுக்கு?”

“‘சுருளியக் கூப்பிடு’ங்குறா. சித்தப்பான்னுகூடச் சொல்லல.”

பவுனைக் கொட்டகையில் கிடத்தினார்கள். அம்மை ஒரு டம்ளர் தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். வெளியே காக்கை கத்தவில்லை. வேம்பில் ஓர் இலை அசையவில்லை.

பவுன் கண்ணைத் திறந்தாள். சுருளியை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னடா தம்பி, மொட்டையடிச்சுட்டா சாமியாரா?”

வீரணனுக்கு மூக்குப்பொடி பழக்கம் உண்டு. பேச்சு எப்போதும் மூக்கடைத்தே வரும். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது அதே பேச்சுதான். சுருளி ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. ஒரு கோடையில் சுருளியின் மிளகாய்ச் செடிகள் பூவும் பிஞ்சுமாக வாடி நின்றன. ஒரு பொழுதுத் தண்ணீர் கேட்டார். “இன்னைக்கு என் முறை” என்றான் வீரணன். மறுநாள் தன் முறை வருவதற்குள் செடி கருகிப்போனது. ஊர் கூடி உட்கார்ந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை. கருகிய மிளகாயின் நெடி இன்றுவரை சுருளியின் மூக்கை விட்டுப் போகவில்லை.

“பிள்ளைய விட்டுரு” என்றார் சுருளி.

“நீ ஒரு வார்த்தை சொல்லு. இவ தண்ணி குடிக்கட்டும்.”

“என்ன வார்த்தை?”

“என்னைக் கேட்டா? நீதான மடத்துல இருக்கவன்.”

சுருளி அம்மையிடம் திரும்பினார். “தாயே, எந்தச் சொல்லைச் சொல்ல?”

“உங்கிட்ட இருக்கிறதைச் சொல்லு.”

சுருளி தொண்டையைச் செருமிக்கொண்டார். மடத்துக்கு வருகிறவர்களிடம் அவர் அடிக்கடி எடுத்துவிடும் சொல்தான் முதலில் வந்தது.

“விட்டுக்கொடுத்துட்டேன்.”

சோலையம்மாள் அவசரமாக டம்ளரை மகள் வாயில் வைத்தாள். தண்ணீர் அப்படியே கடைவாய் வழியே வழிந்தது.

“குடுத்தவன் நீ. அப்ப கையேந்தி வாங்கினவன் நானா?” என்றது மூக்கடைத்த குரல். “பெரிய வள்ளல்தான்டா.”

“சரி, இணங்கிப் போயிருறேன்.”

“யாருக்காக? உன் மதினி அழுறதுக்காகவா? அவ கண்ணைத் தொடைச்சதும் என்ன செய்வ?”

சுருளிக்குக் கோபம் ஏறியது. “தோத்துட்டேன்னு வெச்சுக்க. போதுமா?”

“தோத்தவன் மறுபடி ஆட வருவான். எனக்கு அது வேணாம்.”

பவுனின் கண்கள் மேலே சொருகின. மூச்சு விசில் மாதிரி வந்தது. சோலையம்மாள் சுருளியை ஏறிட்டுப் பார்த்தாள்.

“கொழுந்தனாரே, ஜவுளிக்கடையில சேலை பாக்குற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துப் போடுறீங்களே. பிள்ளை போய்க்கிட்டு இருக்கா.”

சுருளி சட்டென்று நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். அம்மைக்கு முன்னால்கூட அவர் அப்படி விழுந்ததில்லை.

“பணிஞ்சுட்டேன். பணிஞ்சுட்டேன்.”

“முதுகு கீழ கிடக்கு. பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது, தம்பி.”

சுருளி எழுந்து உட்கார்ந்தார். வியர்வையில் மண் ஒட்டியிருந்தது. கையைக் கூப்பி, குரலை இறக்கி, “சரணம்” என்றார்.

அதற்கு வீரணன் நிதானமாகச் சிரித்தான். அந்த ஒல்லிப் பெண்ணின் வயிறு குலுங்கியது.

“அது சாமிக்குச் சொல்றதுல்ல? செத்தவனைச் சாமியாக்கி மூலையில வெச்சு, சூடத்தைக் காட்டிட்டா உன் சோலி முடிஞ்சுது. அதான?”

சுருளியிடம் இருந்த சொற்கள் தீர்ந்துபோயின. அவர் அம்மையைப் பார்த்தார். அம்மை இவ்வளவு நேரமும் வாசலில் காயும் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“சுருளி, இன்னைக்கு உங்க கிணத்துல யாரு முறை?”

“என் முறை.”

யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் சுருளிக்கு உறைத்தது. அந்தக் கிணறு இடிந்து மண் மூடிப் பல வருஷமாகிறது. அதில் தண்ணீரும் இல்லை, முறையும் இல்லை. ஆனால் அன்றாடம் கண் விழித்ததும், முகம் கழுவும் முன்பே, அவருக்குள் அந்தக் கணக்கு ஓடும். இன்று என் முறை. இன்று அவன் முறை. காவி கட்டிய அன்றும் ஓடியது. ஜபத்தில் உட்கார்ந்தாலும் ஓடியது. ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

பவுன் சிரிக்கவில்லை. படுத்தபடியே அவரையே பார்த்தாள்.

“நாளைக்கு?” என்றது குரல்.

“நாளைக்கு… உன் முறை.”

“நாளைக்கு நான் இல்லையேடா.”

சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீரணன் செத்ததும் ஒரு பஞ்ச காலத்துக் கோடையில்தான். கிணற்றில் ஊற்று மட்டும் கசிந்துகொண்டிருந்தது. அன்றன்று ஊறுவது அன்றைய முறைக்காரனுக்கு, குடிக்கிற தண்ணீர்கூட அந்தக் கணக்கில்தான். வீரணன் கட்டிலில் கிடந்து தண்ணீர் தண்ணீர் என்று அனத்தினான். சோலையம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். சுருளி அங்கே நின்றிருந்தார்.

“நாளைக்கு உங்க முறை, மதினி. நாளைக்கு வாங்க.”

அவள் அடுத்த தோட்டத்துக்கு ஓடி, கெஞ்சி, அரைச் செம்பு வாங்கி வந்தபோது கட்டிலில் அனத்தல் நின்றிருந்தது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சுருளியும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த அந்தப் பேச்சு இப்போது பவுனின் கண்ணில் இருந்தது. அது நடந்தபோது அவள் கைக்குழந்தை.

சுருளி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அவர் எழுந்து போனார். கிணற்றில் கப்பி கிறீச்சிடுவது கேட்டது. ஒரு குடம் நிறைய இறைத்து வந்து, இரண்டு கையாலும் பிடித்து, பவுனின் முன்னால் வைத்தார். “இந்தா” என்றுகூடச் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கவும் இல்லை. தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பவுன் எழுந்து உட்கார்ந்தாள். எழ முடியாமல் கிடந்தவள் நிறைகுடத்தை ஒரே தூக்காகத் தூக்கினாள். அண்ணாந்து, உதடு படாமல், மடக் மடக்கென்று குடித்தாள். ஆண்கள் களத்து மேட்டில் நின்று குடிப்பது மாதிரி குடித்தாள். நிறுத்தவே இல்லை. குடம் சாய்ந்துகொண்டே போனது. கடைசிச் சொட்டும் இறங்கியது. அவள் வயிறு ஒட்டியபடியே இருந்தது. ரவிக்கையில் ஒரு துளி ஈரமில்லை.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சரிந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண் விழித்தாள். “அம்மா, தண்ணி” என்றாள். அது பவுனின் குரல்தான்.

சோலையம்மாள் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தாள். டம்ளரை வாயில் வைத்ததும் பவுன் இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சினாள். “இன்னும்” என்றாள். குடித்ததெல்லாம் அவளுக்குள் போகவே இல்லை என்பது போல அப்படி ஒரு தாகம்.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியதும் ஆட்டோ கிளம்பியது. ஏறும்போது சோலையம்மாள், “வர்றேன் கொழுந்தனாரே” என்றாள். அதற்கு மேல் எதையும் சுருளி எதிர்பார்க்கவில்லை.

வேம்பின் அடியில் ஒரு நீளக் கல் கிடந்தது. சுருளி அதன் நடுவில் போய் உட்கார்ந்தார். மரத்தின் நிழல் நகர்ந்து, கல்லில் அவர் அளவுக்குத்தான் மிச்சமிருந்தது. அம்மை வந்து எதிரே தரையில் அமர்ந்தார்.

“தாயே, கடைசியில நான் ஒண்ணுமே சொல்லலையே.”

அம்மை காலடியில் கிடந்த வேப்பிலைகளை ஒதுக்கினார்.

“அதெல்லாம் சொல் இல்லைன்னா, பிறகு எதுதான் சொல்லு?”

மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து நின்றுபோனது.

சுருளி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணன் போயிட்டாரா?”

அம்மை சுருளியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், கல்லின் காலியாகக் கிடந்த பகுதியைப் பார்த்தார்.

“கொஞ்சம் நகந்து உக்காரு, சுருளி. அவரு மேல வெயில் படுது.”