இருதயராஜ் ஏன் ஏத்துறான்?

குரு என்றதும் தாடி, காவி என்று எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். நவநீதாவுக்கு முப்பது வயது. போக்கர் சீட்டாட்டத்தில் கில்லாடி. சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு. பெரம்பூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். சந்தேகப்படுவதற்கென்று தனியாக ஒரு கடை போட்டிருந்தால் அதுவும் ஜோராக ஓடியிருக்கும்.

அன்று காலையில் கடையைக்கூடத் திறக்காமல் குருவின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், சாயங்காலம் கிளப்புல கடைசி ஆட்டம். நானும் இருதயராஜும். ஜெயிக்கிறவன்தான் மாநில அணிக்குப் போவான்."

"தெரியுமே சார்." அவள் தரையில் உட்கார்ந்து சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் ஆட்டம்தான் பிடிபட மாட்டேங்குது. அவன் முறை வந்தா, ஒண்ணும் வைக்காம 'செக்'னு சொல்லிட்டு அப்பாவியா உக்காந்துக்கிறான். சரி, கையில சரக்கில்லைன்னு நான் பந்தய வில்லையை வெச்சா, உடனே 'ரெய்ஸ்'னு மேல ஏத்துறான். நிஜமாவே நல்ல சீட்டா, வெறும் பாவ்லாவா? காது மடலைப் பாத்தேன், மூச்சு விடுறதைப் பாத்தேன். ஒண்ணும் புரியலை. இத்தனை வருஷ சிநேகிதன் டீச்சர், என்கிட்டயே இப்படிப் பண்றான்!"

"சீட்டைப் போடுங்க. ஆடிப் பாக்கலாம்."

தணிகாசலம் கலைத்து ஆளுக்கு இரண்டு போட்டார். நடுவில் மூன்றைத் திறந்து வைத்தார்.

"செக்" என்றாள் நவநீதா, வெங்காயத்தைப் பார்த்தபடியே.

இவர் உற்றுப் பார்த்தார். உரிக்கிற வேகம் குறைந்திருந்தது. ஆஹா, கையில் ஒன்றுமில்லை! வில்லைகளை வைத்தார்.

"ரெய்ஸ். என் பங்குக்கு மூணு மடங்கு நீங்களே தள்ளி வைங்க சார், கையெல்லாம் வெங்காயம்."

 இந்த ஆட்டம் போனால் போகட்டும் என்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

மறு ஆட்டத்தில் அவள் கண் கலங்கியது. பயந்துவிட்டாள் என்று இவர் வில்லை வைத்தார். ரெய்ஸ். கவிழ்த்தார். அடுத்ததில் மூக்கை உறிஞ்சினாள். அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்தார். அதற்கும் ரெய்ஸ்தான். மனுஷருக்கு வேர்த்துக் கொட்டியது.

"உங்க சீட்டைக் காட்டுங்க டீச்சர்! எனக்குத் தெரிஞ்சாகணும்."

"நானே இன்னும் பாக்கலையே."

அப்போதுதான் கவனித்தார். அவர் போட்ட இடத்திலேயே சீட்டு கவிழ்ந்து கிடந்தது. அவள் கை அதன் பக்கம் போகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் இவரேதான் அதை அள்ளிக் கலைத்திருக்கிறார். கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், இதை மட்டும் கோட்டை விட்டுவிட்டார்.

"சீட்டைப் பாக்காம எப்படி ஏத்துனீங்க?"

"நான் செக் சொன்னா உங்களால சும்மா இருக்க முடியாது. அது தெரிஞ்சப்புறம் சீட்டு எதுக்கு?"

"அப்போ அவனும் பாக்காமதான் ஏத்துறானா?"

"அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

தணிகாசலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, நேற்றிலிருந்து அரித்துக்கொண்டிருந்ததும் வெளியே வந்தது.

"நேத்து வீட்டுக்கு வந்தான் டீச்சர். போன்கூடப் பண்ணலை. காபி குடுத்தோம், தொடலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கான், ஒரு வார்த்தை பேசணுமே! எனக்கா தெரியாது? 'என்னடா, மூஞ்சியைத் தொங்கப்போட்டு என்னை இளக வைக்கலாம்னு பாக்குறியா? எல்லாம் நாளைய ஆட்டத்துக்குத்தானே?'ன்னு நல்லா கேட்டுவிட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"எழுந்து செருப்பை மாட்டினான். 'நாளைக்கு நான் ஆட வரலை தணிகா, அணிக்கு நீயே போ'ன்னான். போயிட்டான். அதுக்கப்புறம் போன் எடுக்க மாட்டேங்குறான்."

போனை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. குரு பக்கம் சாய்ந்து, யாரோ ஒட்டுக்கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

"சொல்லுங்க டீச்சர். இது நிஜமா, பாவ்லாவா?"

நவநீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் எதுக்கு வந்தார் சார்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார்.  நேற்று அதை அவர் இருதயராஜிடம் கேட்கவே இல்லை.