ஐயாயிரத்தின் மேல் ஒரு துண்டு

அதட்டினால் எதுவும் நடக்கும் என்று நம்புகிறவர் காண்ட்ராக்டர் சங்கரபாண்டியன். அன்றைக்குத் திருநெல்வேலி ஓட்டல் பாரில், வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாளான கல்லாக்காரி பிரிசில்லாவிடம், பேங்க் மெசேஜைக் காட்டிப் போனை நீட்டினார்.

"நான் குடிச்சது ஆயிரத்து இருநூறு. வந்ததுமே கார்டைத் தேய்ச்சு ஐயாயிரத்தை எடுத்திருக்க. மிச்சத்தை இப்பவே ரொக்கமா வை. இல்லேன்னா உனக்கு நாளைக்கு வேலை இருக்காது."

"வைக்கேன் அண்ணாச்சி. முதல்ல நீங்க எடுத்த நாலு நாற்காலியைத் திருப்பிக் கொடுங்க."

பாரே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோர மேசையில், வராத கூட்டாளிகளுக்காக அவர் போட்ட துண்டு கிடந்தது. வாசலில் நாலு பேர் இடமில்லாமல் நின்றார்கள்.

"நாற்காலியை நான் எங்க எடுத்தேன்? இடம் பிடிக்கத் துண்டுதானே போட்டேன்."

"பேங்க்காரனும் உங்க ஐயாயிரத்து மேல துண்டுதான் போட்டான் அண்ணாச்சி. எவ்வளவு குடிப்பீங்கன்னு முதல்லயே எங்களுக்குத் தெரியாதுல்லா? இப்ப ஆயிரத்து இருநூறு மட்டும்தான் எடுத்திருக்கோம். மிச்சம் உங்க கணக்குலயேதான் இருக்கு. அது மேல கிடக்க துண்டை மூணு நாள்ல எடுத்துருவான்."

"ஒரு துண்டை எடுக்க மூணு நாளா?"

"பதினொரு மணிக்கு நீங்க போட்டது அண்ணாச்சி. மணி மூணாச்சு, இன்னும் அங்கனதான் கிடக்கு."

சங்கரபாண்டியன் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வாசலில் நின்ற நாலு பேரும் உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவன் பிரிசில்லாவிடம் கார்டை நீட்டினான்.

"எங்களுக்கும் ஒரு துண்டு போடும்மா."